மேலே ஏறவா, கீழே இறங்கவா? டிராஃப்ட் மேசையில் வேலை பார்க்க விரும்புவோருக்கு

விளையாட்டு அனலிட்டிக்ஸ் படித்துவிட்டு, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஏதாவது ஓர் அணியின் அலுவலகத்துக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். பைத்தான் தெரியுமா என்பார்கள், தெரியும். எஸ்க்யூஎல்? அதுவும் தெரியும். அடுத்து இப்படி ஒரு கேள்வி வரலாம்: “நம்மிடம் 24ஆம் பிக் இருக்கிறது. 29இல் நிற்கும் அணி, தன் பிக்கோடு 61ஆம் பிக்கையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறது. இறங்கலாமா?”

உடனே ‘இறங்கலாம்’ என்பவருக்கும் ‘கூடாது’ என்பவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேருமே பட்டியலைப் பார்க்காமல் பேசுகிறார்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று. மிச்சமிருக்கும் பையன்களில் எத்தனை பேரை நாம் ஏறக்குறைய சமமாக மதிக்கிறோம்? நடுவில் நிற்கும் நான்கு அணிகள் யார்மேல் கண் வைத்திருக்கின்றன? 61இல் யார் கிடைப்பார் என்று நம் ஸ்கவுட்டுகள் நினைக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஏறுவதா இறங்குவதா என்பது கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த டிராஃப்டில் யாரும் பணத்தைக் காட்டி ஏலம் கேட்பதில்லை. 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 இடங்கள்; எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் 18 வயதுப் பையன்கள். போன சீசனில் அடியில் கிடந்த அணிகளுக்கு முன்னிடம். உச்சியில் மட்டும் குலுக்கல் உண்டு. முதல் ஒப்பந்தச் சம்பளத்துக்கு லீக்கே உச்சவரம்பு வைத்துவிட்டதால், காசை வீசி யாரும் முந்த முடியாது. எனவே வரிசையில் உங்கள் இடமே பணம். அந்த இடத்தைத்தான் ‘பிக்’ என்கிறார்கள். அதை விற்கலாம், வாங்கலாம், ஒன்றைக் கொடுத்து இரண்டாக மாற்றலாம், அடுத்த வருடத்துக்கும் தள்ளிப்போடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றின் பின்பாதியிலிருந்து மூன்றாம் சுற்று வரை, நல்ல விலை கிடைத்தால் இறங்குவதே வழக்கமாக இருக்க வேண்டும். ஏறுவது விதிவிலக்கு, மலிவாகக் கிடைத்தால் மட்டும். முதல் நான்கைந்து இடங்களில் இந்தக் கணக்கு தலைகீழ்.

ஒரே இரவு, இரண்டு பேரம்

மேலே சொன்ன நேர்முகக் கேள்வி கற்பனை அல்ல. 2015 ஜூனில் ஃப்ளோரிடாவின் சன்ரைஸ் நகரில் நடந்த டிராஃப்டில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வந்த பேரம் அதுதான். டொராண்டோ ஒப்புக்கொண்டது. 24க்கு ஏறி வந்த ஃபிலடெல்ஃபியா, டிராவிஸ் கோனெக்னி என்ற முன்னணி ஆட்டக்காரரை எடுத்தது. 29இல் டொராண்டோவுக்கு இன்னொரு அழைப்பு: கொலம்பஸ் 34ஐயும் 68ஐயும் தருகிறேன் என்றது. அதற்கும் சரி. ஒரு பிக் மூன்றாகிவிட்டது: 34, 61, 68.

காகிதத்தில் அருமையான வியாபாரம். ஆனால் பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் ரசிகர் வேறு மாதிரி பார்க்கிறார். கோனெக்னி ஃபிலடெல்ஃபியாவின் முதன்மைக் கோல் அடிப்பவர்களில் ஒருவராகிவிட்டார். டொராண்டோ 34இல் எடுத்த டிராவிஸ் டெர்மாட் சில வருடங்கள் என்ஹெச்எல்லில் ஆடினார். 61இல் வந்த ஜெரமி பிராக்கோ, 68இல் வந்த மார்ட்டின்ஸ் ஜெர்கால்ஸ் இருவரும் ஓர் என்ஹெச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை. ‘பார்த்தீர்களா, இறங்கினால் இதுதான் கதி’ என்று முடித்துவிடுவது சுலபம்.

அப்படி முடிக்கிறவரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன். டொராண்டோ 34இல் டெர்மாட்டை எடுத்தது. அடுத்த பெயர், 35இல் கரோலைனா எடுத்தது, செபாஸ்டியன் ஆஹோ. கரோலைனாவின் முதல் வரிசை சென்டராகப் பல வருடம் நிலைத்து நிற்பவர். பத்து இடம் இறங்கிய பிறகும் கோனெக்னிக்குச் சமமான, கொஞ்சம் மேலேயே சொல்லக்கூடிய ஒருவர் டொராண்டோவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவர்கள் வாங்கிய விலை நல்ல விலை. கோட்டைவிட்டது, வாங்கிய இடத்தில் ஆளை எடுத்ததில்தான்.

அதே இரவு, நான்கு இடம் தள்ளி இன்னொரு பேரம் நடந்தது. டாம்பா பே 28ஆம் பிக்கை நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து 33ஐயும் 72ஐயும் வாங்கியது. ஐலண்டர்ஸ் ஏறி வந்து எடுத்தது ஆந்தனி போவில்லியே. டாம்பா 33இல் எடுத்த மிட்செல் ஸ்டீஃபன்ஸ் பெரிதாக வரவில்லை. 72இல் எடுத்தது ஆந்தனி சிரெல்லியை.

சிரெல்லி யாரென்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒன்டாரியோ ஜூனியர் லீக்கின் டிராஃப்டிலேயே எந்த அணியும் எடுக்காத பையன். தானாகப் போய் ஒஷாவா ஜெனரல்ஸ் அணியில் இடம் பிடித்தான். டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன், 2015 மே கடைசியில், கனடிய ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கப் இறுதியாட்டத்தில் ஒஷாவா 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சிரெல்லி. இரண்டாவது, கூடுதல் நேரத்தில். ஸ்கார்பரோவிலோ அஜாக்ஸிலோ குடியிருக்கும் தமிழர்கள் நெடுஞ்சாலை 401இல் கிழக்கே கொஞ்சம் ஓட்டினால் ஒஷாவா வந்துவிடும். அந்த சீசன் முழுக்க டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்திருக்கக்கூடிய ஆள். ஆனாலும் 71 பெயர்கள் அவருக்கு முன் போயின.

2020இல் டாம்பா, கிழக்கு மண்டல இறுதியில் ஐலண்டர்ஸைச் சந்தித்தது. ஆறாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து ஐலண்டர்ஸை வீட்டுக்கு அனுப்பியது சிரெல்லி. அந்த வருடமும் அடுத்த வருடமும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை டாம்பாவுக்கு.

ஒரே டிராஃப்ட், ஒரே விதமான இறக்கம், எதிரெதிர் முடிவு. ஆகவே அறிக்கை எழுதும்போது இரண்டு பத்தி போடுங்கள். முதலில் விலை: கொடுத்தது என்ன, வாங்கியது என்ன, அந்த இடங்களில் பொதுவாக என்ன தரம் கிடைக்கிறது. அடுத்தது தேர்வு: வாங்கிய இடத்தில் யாரை எடுத்தோம், அப்போது வேறு யார் இருந்தார்கள். இரண்டையும் கலந்து எழுதும் அலுவலகத்தில் அனலிஸ்டும் ஸ்கவுட்டும் ஆயுள் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருப்பார்கள்.

டொராண்டோவும் 2015ஐ வைத்து மிரண்டுவிடவில்லை. 2018இல் 25ஆம் பிக்கை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து 29ஐயும் 76ஐயும் வாங்கியது. செயின்ட் லூயிஸ் எடுத்த டொமினிக் போக் என்ஹெச்எல்லில் காலூன்றவில்லை. டொராண்டோ 29இல் ராஸ்முஸ் சாண்டினை எடுத்தது. 2023இல் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்தபோது பதிலுக்கு ஒரு முதல் சுற்று பிக் வந்தது. அதில் எடுத்தவர் ஈஸ்டன் கோவன். ஐந்து வருடம் ஆடவைத்துவிட்டு ஏறக்குறைய அதே இடத்தைத் திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள்.

எத்தனை படி இறங்கலாம்?

இதற்கு மேல்கணிதம் வேண்டாம். உங்களிடம் 22ஆம் பிக். 25இல் நிற்கும் அணி, தன் இடத்தோடு ஒரு மூன்றாம் சுற்று பிக்கும் தருகிறது. உங்கள் பட்டியலில் மிச்சமிருப்பவர்களில் நால்வர் சமம். இறங்கினால் உங்களுக்கு முன் போகப்போவது 22, 23, 24 என்று மூன்றே பெயர். மூன்றும் உங்கள் நால்வரிலிருந்தே போனாலும் ஒருவர் கட்டாயம் மிஞ்சுவார். மூன்றாம் சுற்று பிக் உங்களுக்குச் சும்மா வந்தது. அதே இடத்தில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடத் தெளிவாக மேலே நின்றால், தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அவரை எடுங்கள்.

இந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் ஸ்கவுட்டுகளிடம் வரிசை எண் மட்டும் கேட்டால் போதாது, அடுக்கு கேட்க வேண்டும். ‘இவன் 21, அவன் 22’ என்பதில் எந்தத் தகவலும் இல்லை; எந்த நேர்மையான ஸ்கவுட்டும் அந்த ஒரு எண் வித்தியாசத்துக்காகச் சண்டை போட மாட்டார். ‘இந்த நாலு பேரில் யார் வந்தாலும் எனக்குச் சம்மதம், இதற்குக் கீழே ஒரு பள்ளம்’ என்பது தகவல். அந்தப் பள்ளம் எங்கே என்பதைப் பட்டியலில் தடித்த கோடாகப் போட்டுவையுங்கள். டிராஃப்ட் அன்று உங்கள் கண் பெயர்கள்மேல் இருப்பதைவிட அந்தக் கோட்டின்மேல் இருக்கட்டும்.

உச்சியில் வேறு உலகம்

2011இல் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் மைக்கேல் ஷக்கர்ஸ், ஒவ்வொரு பிக்கும் என்ன பெறும் என்று ஒரு மதிப்பு அட்டவணை போட்டார். அதன் பிறகு பலர் பல விதமாகப் போட்டிருக்கிறார்கள். அளவுகோல் மாறினாலும் கோட்டின் வடிவம் மாறுவதில்லை: முதல் சில இடங்களில் மலைச்சரிவு, முதல் சுற்றின் கடைசியில் மெதுவான சாய்வு, மூன்றாம் சுற்றுக்குப் பிறகு கிட்டத்தட்டச் சமதரை. 1க்கும் 4க்கும் உள்ள தூரமும் 61க்கும் 64க்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல.

அதனால்தான் முதல் பிக்கை விற்பது அபூர்வம். 2002இலும் 2003இலும் அடுத்தடுத்து ஃப்ளோரிடா முதல் பிக்கைக் கொடுத்துவிட்டு 3க்கு இறங்கியது. முதல் தடவை கொலம்பஸ் ஏறி ரிக் நாஷை எடுத்தது. இரண்டாம் தடவை பிட்ஸ்பர்க் ஏறி கோல்காப்பாளர் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியை எடுத்தது. அதன் பிறகு மூன்று கோப்பைகள் அவர் அந்த அணியில் இருந்தபோது வந்தன. ஃப்ளோரிடாவுக்கு ஜே போமீஸ்டரும் நேதன் ஹார்ட்டனும் கிடைத்தார்கள். இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஆனாலும் 2003க்குப் பிறகு எந்த அணியும் முதல் பிக்கை விற்கவில்லை.

உச்சியில் ஏறுவதற்கு ஒரே நல்ல காரணம், உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முழுத் திட்டம் இருப்பது. 1999இல் வான்கூவரின் ஜெனரல் மேனேஜர் பிரையன் பர்க் கையில் 3ஆம் பிக் இருந்தது. அவருக்கு வேண்டியது ஸ்வீடனின் இரட்டையர்கள், டேனியல் செடினும் ஹென்ரிக் செடினும், இருவரும் சேர்த்து. சிகாகோவிடம் பிரையன் மெக்கேப் என்ற தற்காப்பு வீரரையும் அடுத்த வருட முதல் சுற்று பிக்கையும் கொடுத்து 4ஐ வாங்கினார். அந்த 4ஐ, கூடவே மூன்றாம் சுற்று பிக்குகளையும் டாம்பாவிடம் கொடுத்து 1ஐ வாங்கினார். பிறகு அந்த 1ஐ அட்லாண்டாவிடம் கொடுத்து 2ஐ வாங்கினார், செடின்களைத் தொடாமல் வேறொருவரை எடுப்பார்கள் என்ற புரிதலோடு. அட்லாண்டா பாட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தது. 2இல் டேனியல், 3இல் ஹென்ரிக். 2022இல் இருவரும் ஹாக்கி புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார்கள். பர்க் ஏறியும் இருக்கிறார், இறங்கியும் இருக்கிறார். ஒவ்வொரு அழைப்பிலும் எதிராளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். டிராஃப்டுக்கு முந்தின இரண்டு வாரத்தில் உங்கள் பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியாவது மற்ற அணிகளின் பட்டியலை ஊகிக்கச் செலவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தாலரும் கேட் மாசியும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லை ஆராய்ந்து, அணிகள் முன்வரிசை பிக்குகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன, இறங்குவதே லாபம் என்று காட்டினார்கள். நேர்முகத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் ஆராய்ந்த காலத்து என்எஃப்எல்லில் முதல் பிக்குக்குச் சம்பளமே பெரும் சுமை. ஹாக்கியில் பையனின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. உச்சியில் எடுத்த நட்சத்திரம் முதல் சில வருடங்கள் மலிவாகவே கிடைப்பார். ஆய்வின் சிந்தனை முறையை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை அப்படியே பெயர்த்துவைக்காதீர்கள்.

ஏறுவதானால் எவ்வளவு கொடுக்கலாம்?

2014இல் டாம்பாவிடம் மூன்றாம் சுற்றில் 80ஆம் பிக் இருந்தது. மூஸ் ஜா வாரியர்ஸ் அணியில் ஆடிய பிரேடன் பாயிண்ட், குள்ளம் என்று பலரால் ஒதுக்கப்பட்டு இன்னும் மேசையில் இருந்தார். டாம்பா காத்திருக்கவில்லை. மினசோட்டாவிடம் ஒரு ஏழாம் சுற்று பிக்கைச் சேர்த்துக் கொடுத்து 80இலிருந்து 79க்கு ஏறி அவரை எடுத்தது. ஒரே ஒரு படி. பாயிண்ட் 2020, 2021 இரண்டு பிளே ஆஃபிலும் 14 கோல் அடித்து, இரண்டிலும் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார்.

2016இல் ஒட்டாவாவும் ஒரே ஒரு படி ஏறியது. 12இலிருந்து 11க்கு. எடுத்தது லோகன் பிரவுன். அவர் அந்த அணியில் நிலைக்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது கொடுத்த விலை: நியூ ஜெர்சிக்குப் போனது 80ஆம் பிக், மூன்றாம் சுற்று. சிரெல்லி 72, பாயிண்ட் 79. அந்த வட்டாரத்தில் ஒரு பிக்கை, ஒரு படி ஏறக் கொடுத்திருக்கிறார்கள். பிரவுன் பெரிய நட்சத்திரமாக வந்திருந்தாலும் விலை விலைதான்.

பயந்து ஏறுகிறவர் அதிகம் கொடுப்பார். ‘நடுவில் யாரோ தட்டிப் பறித்துவிடுவார்கள்’ என்ற பதற்றம் மேசையில் தொற்றுநோய் மாதிரிப் பரவும். அதற்கு மருந்து, விலையை முன்கூட்டியே எழுதிவைப்பது. ‘நம் அடுக்கின் கடைசிப் பையன் 18 வரை வந்துவிட்டால், 22இலிருந்து ஏற அதிகபட்சம் ஒரு மூன்றாம் சுற்று’ என்று டிராஃப்டுக்கு முந்தின நாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கு அறையில் யார் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் தாள் பேசும்.

சரியாக ஏறியவர்களும் இருக்கிறார்கள். 2003இல் நியூ ஜெர்சி 22ஐயும் 68ஐயும் கொடுத்து 17க்கு வந்து ஸாக் பரீஸேயை எடுத்தது. அவர் என்ஹெச்எல்லில் 434 கோல் அடித்தார். அதே வருடம் அனஹைம் 36ஐயும் 54ஐயும் டல்லஸிடம் கொடுத்து 28க்கு ஏறி கோரி பெரியை எடுத்தது. 2008இல் ஒட்டாவா 18ஐயும் அடுத்த வருட மூன்றாம் சுற்றையும் கொடுத்து 15க்கு ஏறி எரிக் கார்ல்சனை எடுத்தது. சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் கோப்பை அவருக்கு மூன்று முறை. விலைகளைப் பாருங்கள். எல்லாமே முதல் சுற்றின் நடுவிலோ கடைசியிலோ, இரண்டாம் மூன்றாம் சுற்றுச் சில்லறைக்கு. இந்த வரம்புக்குள் ஏறுவதை நான் எதிர்க்க மாட்டேன்.

பின்சுற்றுக் கதைகளைக் கேட்டு மயங்க வேண்டாம். பாவெல் டாட்சியூக் 171, ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 210 என்று டெட்ராய்ட்டைப் புகழ்வார்கள். அந்த டெட்ராய்ட்டே டாட்சியூக்கை ஆறாம் சுற்று வரையும், ஸெட்டர்பெர்க்கை ஏழாம் சுற்று வரையும் எடுக்காமல்தான் இருந்தது. அங்கே ஏறுவதற்கோ இறங்குவதற்கோ நேரம் செலவழிக்காதீர்கள். ஓர் அணி ஒரே சமயத்தில் 50 ஆட்டக்காரர்களோடு மட்டுமே ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். பிக்குகளைக் கூடை கூடையாகச் சேர்த்தாலும் எல்லோருக்கும் இடம் கிடையாது.

மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்

இதுவரை சொன்னது கணக்கு. வேலையில் நிலைப்பதற்கு மனிதர்கள்.

ஸ்கவுட்டுகளில் பலர் ஒன்டாரியோவிலும் சஸ்காட்சவனிலும் குளிர்காலம் முழுக்கக் கார் ஓட்டிப் போய், காகிதக் கோப்பையில் ஆறிப்போன காபியோடு, மேல்வரிசையில் உட்கார்ந்து ஜூனியர் ஆட்டங்களைப் பார்ப்பவர்கள். ஒரு பையனை இருபது முறை பார்த்தவரிடம் ‘மாடல் வேறு மாதிரி சொல்கிறது’ என்று தொடங்காதீர்கள். ‘இவனை நீங்கள் எந்த அடுக்கில் வைப்பீர்கள், ஏன்?’ என்று தொடங்குங்கள். இறங்குவதற்கு அவர்கள் முகம் சுளிப்பதற்கும் நியாயம் உண்டு: ஒரு வருட உழைப்பில் கண்டுபிடித்த பையனை, கண்ணெதிரே வேறு அணிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள். கூடுதலாக வரும் பிக்கில் அந்த வட்டார ஸ்கவுட்டின் பையன் ஒருவரை எடுக்கலாம் என்று முன்பே பேசிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இது அரசியல்தான், எந்த அலுவலகத்தில் இல்லை?

ஜெனரல் மேனேஜரின் நிலை இன்னும் சிக்கல். அவருடைய ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது என்றால், நான்கு வருடம் கழித்துத் தயாராகப்போகும் 18 வயதுப் பையனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஏலச் சீட்டில் முதல் மாதமே எடுப்பவர் பெரிய கழிவு கொடுத்துத்தான் எடுப்பார். பொறுத்திருப்பவருக்கு அந்தக் கழிவு லாபம். பிக் சந்தையும் இப்படித்தான் ஓடுகிறது. இந்த வருட மூன்றாம் சுற்றைக் கொடுத்து, அவசரக்கார அணியிடமிருந்து அடுத்த வருட இரண்டாம் சுற்றை வாங்குவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் அணி முதலாளி பொறுமையானவர் என்றால், ஏறி இறங்குவதைவிட இப்படி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பதே நல்ல வியாபாரமாக இருக்கலாம். ஆனால் வேலை ஊசலாடும் மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வது? ‘நீங்கள் அவசரப்படுகிறீர்கள்’ என்று சொன்னால் வேலை போவது உங்களுடையது. ஒரே தாளில் இரண்டு எண் கொடுங்கள்: அடுத்த இரண்டு சீசனில் இந்தப் பேரம் என்ன தரும், ஐந்து சீசனில் என்ன தரும். முடிவு அவருடையது. தாளின் நகல் உங்களிடம்.

பணம் இன்னொரு வழியிலும் உள்ளே வரும். 2016இல் பாவெல் டாட்சியூக் ரஷ்யா திரும்ப முடிவெடுத்த பிறகும் அவருடைய ஒப்பந்தத் தொகை டெட்ராய்ட்டின் சம்பள வரம்பை அடைத்துக்கொண்டு நின்றது. அரிசோனா அந்தச் சுமையைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாக 20இலிருந்து 16க்கு ஏறி ஜேக்கப் சிக்ரனை எடுத்தது. பேரத்தில் 53ஆம் பிக்கும் டெட்ராய்ட்டுக்குப் போனது; அதில் வந்தவர் ஃபிலிப் ஹிரோனெக். இரண்டு அணிக்கும் நல்ல தற்காப்பு வீரர். சம்பள வரம்பு விதிகளைப் படிக்காத அனலிஸ்டுக்கு இப்படி ஒரு பேரம் கண்ணிலேயே படாது.

டிராஃப்ட் முடிந்த மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகைகள் அணிகளுக்கு மதிப்பெண் போடும். படிக்கலாம், சிரிக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: வந்த ஒவ்வொரு அழைப்பையும், ஒப்புக்கொண்டதையும் மறுத்ததையும், காரணத்தோடு அன்றிரவே குறித்துவையுங்கள். 18 வயதுப் பையன் என்ன ஆவான் என்று தெரிய நான்கைந்து வருடம் ஆகும். அதற்குள் எல்லோருடைய ஞாபகமும் முடிவுக்கு ஏற்றபடி மாறிப்போயிருக்கும்.

உள்ளே போகும் வழி

வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற எரிக் டல்ஸ்கி, நானோ தொழில்நுட்பத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பொழுதுபோக்காக ஹாக்கிப் புள்ளிவிவரக் கட்டுரைகள் எழுதிவந்தார். அவற்றைப் பார்த்துத்தான் கரோலைனா அவரை அழைத்தது. 2024இல் அந்த அணிக்கே ஜெனரல் மேனேஜர் ஆனார். கரோலைனா இறங்குவதில் பேர் எடுத்த அணி. 2021இல் 27ஆம் பிக்கை நாஷ்வில்லிடம் கொடுத்து 40ஐயும் 51ஐயும் வாங்கியது. 40இல் எடுத்த ஸ்காட் மாரோ, 2025இல் நியூயார்க் ரேஞ்சர்ஸின் கே’ஆண்ட்ரே மில்லரை வாங்கிய பேரத்தில் ஒரு பங்கு.

சன்னி மேத்தா போக்கர் ஆடிப் பிழைத்தவர். ஃப்ளோரிடா 2024இலும் 2025இலும் கோப்பை வென்றபோது அதன் உதவி ஜெனரல் மேனேஜர்களில் ஒருவர். அலெக்சாண்ட்ரா மாண்ட்ரிக்கி, பொதுவெளியில் ஹாக்கித் தரவுத்தளம் ஒன்றைக் கட்டியவர்களில் ஒருவர். சியாட்டில் அணியில் உதவி ஜெனரல் மேனேஜர் ஆனார். கைல் டூபஸ் சூ செயின்ட் மரி என்ற சிறு நகரத்து ஜூனியர் அணியை நடத்தி, 28 வயதில் டொராண்டோவுக்குள் வந்தார். இவர்களில் யாரும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் காத்திருந்து மேலே வந்ததாகத் தெரியவில்லை. பொதுவில் செய்த வேலையோ வேறு துறையில் காட்டிய திறமையோ முதலில் பேசியிருக்கிறது.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஒஷாவாவிலும் பிராம்டனிலும் ஜூனியர் அணிகள் இருக்கின்றன. ஆட்டத்தை வீடியோவில் வெட்டித் தொகுக்க, தரவு பதிய ஆள் வேண்டுமா என்று நேரில் கேட்கலாம். கூலி பெரிதாக இருக்காது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் அந்தக் கதவு இல்லை, விசா என்ற கதவும் நடுவில் நிற்கிறது; ஆனால் என்ஹெச்எல் ஆட்டத் தரவும் பழைய பிக் பேரங்களின் வரலாறும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுநேர வேலை கிடைத்தாலும் தொடக்கச் சம்பளம் மென்பொருள் கம்பெனியைவிடக் குறைவு என்பதை வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

பழைய டிராஃப்டை எடுத்து ‘நானாக இருந்தால் ஆஹோவை எடுத்திருப்பேன்’ என்று எழுதுவதில் பயனில்லை. முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் மேதைதான். அடுத்த டிராஃப்டுக்கு முந்தின வாரம் வேலையை முடியுங்கள். முதல் 60 பையன்களை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒவ்வொரு பிக்குக்கும் இரண்டு வரி: எந்த விலைக்கு இறங்குவேன், யாருக்காக, எவ்வளவு வரை கொடுத்து ஏறுவேன். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பொதுவில் வெளியிட்டுவிட்டு, அந்த அணியின் ஹாக்கி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மேலே உங்கள் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கட்டும்.